திரும்பி நின்ற எழுத்துகள்

அருணா அனுப்பியிருந்த போட்டோவை மகா விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். பிறகு சிறிதாக்கினாள். எப்படிப் பார்த்தாலும் தங்கை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சிரிப்புதான் மகாவுக்கு உறுத்தியது.

"பொய் சொல்லியிருக்கா அண்ணே," என்றாள். "மதுரையில படிச்ச எடத்துக்கு வந்திருக்கேன், நேரா விசாரணைக்கு வந்துருவேன், தேடாதேன்னு போட்டிருக்கா. மதுரைக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். அங்க யாரும் அவளப் பாக்கவே இல்லயாம். இவ போனும் நேத்துலருந்து அணைஞ்சு கெடக்குது."

சத்தியநேசன் போனுக்குக் கையை நீட்டினார். போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். மாப்பிள்ளை வீட்டு விசாரணை, ஏலக்காய் ஸ்டோர் திருட்டு என்று சில்லறைச் சோலியிலேயே காலம் தள்ளியவர். மகா அவருடைய உதவியாளர். வாய் சும்மா இருக்காது; அதற்காகவே அவளை வேலைக்கு வைத்ததாக அவர் சொல்வார். இந்த ஒரு வழக்கு மட்டும் அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

அருணா மலைச்சாரல் கண் மருத்துவமனையில் டெக்னீஷியன். தகுதிப் பரீட்சை எழுதி, செய்முறையில் தேறி, முறையாகச் சான்று வாங்கியவள். போன மாதம் அந்த ஆஸ்பத்திரி மலைத் தோட்டத்தில் ஒரு கண் முகாம் நடத்தியது. புரை விழுந்த கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு அங்கே அளவு எடுத்து, கீழே போடியில் ஆபரேஷன் செய்தார்கள். அளவு தப்பிவிட்டது. தோட்டத்துப் பெண்கள் சிலருக்கு, கட்டுப் பிரித்த பிறகும் உலகம் கலங்கிய தண்ணீருக்குள் கிடந்தது. அளவெடுத்தவர் என்று மிஷினில் பதிந்திருந்த பெயர் அருணா.

இன்று மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலேயே விசாரணை. சான்று கொடுக்கும் குழுவிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். அருணா வந்து பதில் சொல்லாவிட்டால் சான்று ரத்து. கூடவே போலீஸ் கேஸ்.

"ஓடிப் போறவங்கதான் தப்புப் பண்ணவங்கன்னு ஆயிரும் சார்," என்றார் எதிரே உட்கார்ந்திருந்த மாரீஸ்வரன். ஆஸ்பத்திரியின் முகாம் மேனேஜர் அவர்தான். உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி சத்தியநேசனிடம் வழக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்பதுபோலப் பேசுகிற மனிதர். "அருணா எனக்குத் தங்கச்சி மாதிரி. நான் இருக்கேன், பாத்துக்கலாம்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள ஆளக் காணோம். எனக்கென்னவோ கேரளாப் பக்கம் போயிருப்பான்னு தோணுது."

சத்தியநேசன் போட்டோவிலேயே கண்ணாக இருந்தார். அருணாவுக்குப் பின்னால் சுவரில், கண் பரிசோதனைக்குத் தொங்கவிடும் தமிழ் எழுத்து அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. எல்லாமே வலம் இடமாகத் திரும்பியிருந்தன.

"எழுத்தெல்லாம் திரும்பி நிக்குது," என்றார்.

"செல்ஃபி சார். செல்ஃபி எடுத்தா அப்படித்தான் திரும்பும்," என்றார் மாரீஸ்வரன்.

மகா எட்டிப் பார்த்தாள். அவளுக்குள் என்னவோ நெருடியது. "அப்ப மூக்குத்தியும்ல திரும்பணும்," என்றாள். "அவளுக்கு வலது பக்கந்தான் குத்தியிருக்கு. நான்தான் கூட்டிட்டுப் போனேன், தட்டாரு கையக் கடிச்சு வச்சா. போட்டோவுலயும் கல்லு அவளோட வலது பக்கமே இருக்கு. அவ திரும்பல, அட்டைதான் திரும்பியிருக்கு."

"எழுத்தையே திருப்பி அச்சடிச்ச அட்டை," என்றார் சத்தியநேசன். "அத எதுக்கு ஒருத்தன் அச்சடிக்கணும்?"

கேள்வி மாரீஸ்வரனைப் பார்த்து. கண் ஆஸ்பத்திரியில் இருபது இருபத்தைந்து வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர். அவர் உதட்டைப் பிதுக்கினார். "அச்சகத்துல தப்பா அடிச்சிருப்பான் சார்."

"கேப்போம்," என்று எழுந்தார் சத்தியநேசன்.

கண்ணாடிக் கடை தங்கபாண்டியிடம் கேட்டார்கள். அவர் போட்டோவை ஒரு முறைதான் பார்த்தார்.

"தப்பா அடிச்சது இல்லண்ணே. குட்டை ரூமுக்குன்னே அடிக்கிறது. எழுத்து அட்டைக்கும் ஆளுக்கும் நடுவுல நல்ல தூரம் வேணும்ல. ரூமு நீளம் பத்தலன்னா, அட்டைய ஆளு தலைக்கு மேல மாட்டிட்டு, எதுத்த சுவத்துல ஒரு நெலக்கண்ணாடிய வச்சிருவோம். கண்ணாடிக்குள்ள பாத்தா எழுத்து நேராயிரும், தூரமும் ரெட்டிப்பாயிரும். எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும்."

மகா மாரீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடைத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதுரையில அவ படிச்ச எடத்துல கூடம் ரயிலு கணக்கா நீளம்," என்றாள் மகா. "போடியில இந்த அட்டை யார்ட்ட இருக்கு?"

"என்ட்டதான் இருந்துச்சு. இப்ப நான் டி.வி.லயே எழுத்து காட்டுறேன். பழச மேல ஒரு ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டேன். போடிமெட்டுக்கு முன்னால மண் ரோடு பிரியும்ல, அங்க. ஆஸ்பத்திரின்னா ஒரே ரூமு. ரெண்டு பேரு உள்ள போனா ஒருத்தர் மூச்ச விடணும், ஒருத்தர் இழுக்கணும்."

முகாம் நடந்தது அதே தோட்டத்தில். மாரீஸ்வரன் உடனே ஜீப்புச் சாவியை எடுத்தார். "நானே ஓட்டுறேன் சார். வெரசாப் போயிட்டு வெரசா வந்துருவோம்."

அடிவாரத்து முந்தலைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதிலிருந்து மகா பேசவில்லை. மாரீஸ்வரன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். ஒவ்வொரு வளைவிலும் கீழே போடி சிறுத்துக்கொண்டே போனது. பனி இறங்கி வந்து கண்ணாடியில் படிந்தது.

எதற்காக என்னிடம் பொய் சொன்னாள் என்பதிலேயே மகாவின் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். பரீட்சைக்குப் படிக்கும்போது அருணா அளவெடுத்துப் பழகியதே அக்காவின் கண்ணில்தான். விடியுமுன் எழுப்பி உட்காரவைத்து, கண்ணில் வெளிச்சம் அடிப்பாள். "உன் கண்ணுல ஒரு குறையும் இல்லக்கா, வாய்தான்" என்பாள். அவள் தனக்குத் தெரியாமல் ஒரு மலை ஏறியிருக்கிறாள்.

"என்ன மகா, வாய்க்கு லீவு விட்டுட்டியா," என்றார் சத்தியநேசன் மெதுவாக.

"இல்லண்ணே. வளைவுல வாயத் தெறந்தா வேற ஏதாச்சும் வந்துரும்."

சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை; ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஜீப்பு போகவில்லை. சரிவில் ஒற்றையடிப் பாதைதான். மாரீஸ்வரன் ஜீப்பைத் திருப்பி நிறுத்துவதாகச் சொல்லி மேலேயே நின்றுகொண்டார். ஏலச்செடிகளின் ஈர இலைகளை விலக்கிக்கொண்டு மற்ற இருவரும் இறங்கினார்கள்.

ஒரே அறை. தகரக் கூரை. கதவைத் தள்ளியதும் எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் எழுத்துகள் நேராக நின்றன. அதற்குள்ளேயே அருணாவின் முகமும் தெரிந்தது. அக்காவைப் பார்த்து அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. வெளிறித்தான் போனது.

"அவங்க ஆளாத்தான் வந்திருக்கியா?" என்றாள்.

மகாவுக்குப் புரியவில்லை. "எவங்க ஆளு?"

"மாரீஸ்வரன் சாரு உங்க ஆபீசுக்குத்தானே வந்தாரு. ஆஸ்பத்திரிக்காரங்க வச்ச துப்பறியிறவருகிட்ட நீ வேல பாக்குற. நான் எங்க போறேன்னு ஒன்ட்ட சொன்னா, நீ அண்ணன்ட்ட சொல்லுவ, அண்ணன் அவங்ககிட்ட சொல்லுவாரு. அதான் சொல்லல."

தங்கையைக் காப்பாற்றக் கிடைத்த வழக்கு என்று தான் குதித்தது மகாவுக்கு நினைவுக்கு வந்தது.

சத்தியநேசன் நடுவில் புகுந்தார். "நான் உண்மையக் கண்டுபிடிக்கத்தாம்மா ஒத்துக்கிட்டேன். அது யாரு தலையில விழுந்தாலும் சரி. என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

அருணா சொன்னாள். முகாம் நாளன்று அவள் காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். அன்றைக்கு மகா தேனியில் வேறொரு சோலியாக இருந்தாள். சான்று பெற்றவர் அளவெடுத்தால்தான் ஆபரேஷனுக்கு எடுத்துக்கொள்வார்கள். முகாமைத் தள்ளிப்போட மனசில்லாமல், அருணாவின் பெயரை மிஷினில் போட்டு வேறு யாரோ அளவெடுத்திருக்கிறார்கள். "வீட்டுல படுத்திருந்தேன்னு நான் சொன்னா யாரு நம்புவா. அளவெடுத்த ஆள் யாருன்னு இங்க கேக்கலாம்னு வந்தேன். யாரும் வாயத் தெறக்க மாட்டேங்கிறாங்க. பாண்டியம்மா ஆத்தா மட்டுந்தான் பேசுச்சு."

கட்டில் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை மகா அப்போதுதான் கவனித்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடது கண் ஆபரேஷன் ஆனது. வலது கண்ணில் புரை வெள்ளையாகப் படிந்திருந்தது.

"மூஞ்சி எங்க தாயி தெரிஞ்சுச்சு," என்றாள் பாண்டியம்மாள். "ரெண்டு கண்ணும் பொகமூட்டம். ஆம்பள ஆளு, அது தெரியும். மிஷின்ல தலைய வைக்கச் சொல்லி, நாடியப் புடிச்சு அமுக்குனான். வலிக்குதுன்னேன். ஆடாத கெழவின்னு வஞ்சான். அந்தக் கொரலு மட்டும் காதுலயே நிக்குது. எங்க கேட்டாலும் சொல்லிருவேன்."

"அப்ப கீழ வந்து இதச் சொல்லு ஆத்தா," என்றாள் மகா.

பாண்டியம்மாள் தலையை ஆட்டினாள். "பிஞ்சு எது, காய் எதுன்னு தெரியாமப் பறிக்கிறேன்னு என்னய வேலைக்கே வரவேணாங்கிறாங்க. இந்த இன்னொரு கண்ணையாச்சும் சும்மா செஞ்சு தர்றோம்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க. நான் போயி கொற சொன்னா அதுவும் போயிரும். அப்பறம் நான் முழுக்குருடு தாயி."

அருணா நேற்றிலிருந்து கேட்டுக் கேட்டுத் தோற்றிருக்கிறாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

மகாவுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. நிற்காமல் மேலே ஓடினாள். ஆஸ்பத்திரி மேனேஜரே வந்து, கண் ஆபரேஷனுக்கு நான் பொறுப்பு என்று சொன்னால் இந்த அம்மா இறங்கி வரமாட்டாளா? மூச்சு வாங்க ஜீப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அருணா கிடைத்துவிட்டாள். அளவெடுத்தவனின் குரலைப் பாண்டியம்மாள் மறக்கவில்லை. கேட்டால் அடையாளம் சொல்லிவிடுவாள்.

சாய்ந்து நின்ற மாரீஸ்வரன் நிமிர்ந்தார். "கொரலையா?" என்றார்.

"ஆமா சார். நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசுங்க."

"வர்றேன் வர்றேன். இங்க டவர் கெடைக்கல. மேல போயி, அருணா கெடச்சுட்டான்னு ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துர்றேன். நீங்க அவங்கள ரெடி பண்ணுங்க."

ஜீப்பு பனிக்குள் போனது. மகா கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். சத்தியநேசன் பாதையில் ஏறி வருவதற்குள் என்ஜின் சத்தம் வளைவு வளைவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே இல்லை. கீழே.

"என்ன சொன்ன அவர்ட்ட?" என்றார் அவர்.

மகா சொன்னாள். சொல்லச் சொல்ல, அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே விளங்கியது. தோட்டத்துக் கதவை அகலத் திறந்து திருடனை உள்ளே கூப்பிட்டதுபோல் ஆயிற்று.

"என் வாய்ல மண்ணப் போட்டாத்தான் என்னண்ணே," என்று அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி. அழுகுறத வண்டியில வச்சுக்கலாம்."

"வண்டி எங்கண்ணே இருக்கு?"

வேறு வண்டி இல்லை. கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இறங்க இன்னும் நேரம் கிடந்தது. அதுவரை காத்திருந்தால் விசாரணை முடிந்திருக்கும். கீழே மாரீஸ்வரன் என்ன சொல்லிக்கொண்டிருப்பார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

செய்தி கேட்டதும் அருணா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுந்து வந்தது பாண்டியம்மாள்தான். வாசல் நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உங்களக் கூட்டியாந்த ஆஸ்பத்திரிக்காரனே உங்கள விட்டுட்டுப் போயிட்டானா?"

"ஆமா ஆத்தா," என்றாள் மகா.

"கண்ணு தெரிஞ்ச உங்களையே நட்டாத்துல விட்டவன், என் கண்ணையா பாக்கப் போறான்." செருப்பைக் காலால் தேடி மாட்டினாள். "நடங்க போவோம்."

ஸ்டோரில் ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி போடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் சின்னமுத்து முடியாது என்றான். லோடு நிறைந்துவிட்டது, மூட்டையில் ஆள் உட்கார்ந்தால் காய் நொறுங்கும் என்றான். மகா ஒரு கேலிகூடப் பேசவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் பாண்டியம்மாளின் கண்ணைப் பார்த்தான். தார்ப்பாயை அவிழ்த்தான்.

ஏழெட்டு வளைவு இறங்கியிருப்பார்கள். வண்டி நின்றது. ஒரு லாரி திரும்ப முடியாமல் வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. மேலேயும் கீழேயும் வரிசை கட்டிவிட்டது.

"எறங்குங்க," என்றார் சத்தியநேசன். "நடந்து லாரியத் தாண்டிருவோம். அந்தப் பக்கம் ஏதாச்சும் ஜீப்பத் திருப்பச் சொல்லுவோம்." அவர் முன்னால் ஓடினார்.

பாண்டியம்மாளின் ஒரு கையை மகாவும் மறுகையை அருணாவும் பிடித்துக்கொண்டார்கள். லாரிக்கும் பள்ளத்துக் கட்டைச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற சந்துதான் இருந்தது. கிழவி ஒவ்வொரு அடியையும் காலால் தடவி வைத்தாள். அவள் கால் எட்டு வைக்கும்வரை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் ஒன்ட்ட சொல்லியிருக்கணும்," என்றாள் அருணா, கிழவியின் தலைக்கு மேலாக.

"சொல்லாம இருந்ததே நல்லது. சொல்லியிருந்தா நேத்தே போயி அவன்ட்ட ஒப்பிச்சிருப்பேன்."

அருணா சிரிக்கவில்லை. "அவரா இருக்கும்னு நெனைக்கவே இல்லக்கா. நான் எழுதுன அந்தப் பரீட்சையில அவரு தேறல தெரியுமா. ரெண்டு தடவ எழுதுனாரு. செய்முறையில ஒக்காந்த ஆளு தலைய அசைச்சுட்டாருன்னு அந்த ஆளையே வஞ்சாராம். வெளிய அனுப்பிட்டாங்க. நான் மொத தடவையிலேயே தேறுனப்ப மிட்டாய் குடுத்தேன், வாங்கிக்கல."

கடைசி வார்த்தைகளை மகா மனசுக்குள் போட்டுக்கொண்டாள்.

கீழே சத்தியநேசன் ஒரு ஜீப்பை மறித்து வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது விசாரணை அறையில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. குழுவின் தலைவி டாக்டர் ரேணுகா எழுந்து நின்று கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஊழியர்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். மாரீஸ்வரன் முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது.

"நீங்கதான் அருணாவா?" என்றார் டாக்டர் ரேணுகா. "கேரளாவுக்குப் போயிட்டதா எழுதிக் குடுத்திருக்காங்க. வரலன்னு பதிவு பண்ணியாச்சு."

"வந்துட்டேன் மேடம். அன்னைக்கு அளவெடுத்தது நான் இல்ல." அருணாவின் குரல் எழும்பவே இல்லை. "இவங்களுக்குத் தெரியும். குரல வச்சுச் சொல்லுவாங்க."

டாக்டர் ரேணுகா கைப்பையைக் கீழே வைத்தார். கடுமையான முகம், ஆனால் காது கொடுக்கிற முகம். "யாரோட குரல்?"

அருணா மாரீஸ்வரனைக் காட்டினாள். அவர் நிதானமாகத் தொண்டையைத் தொட்டுக் காண்பித்து, கையை விரித்தார். பக்கத்தில் நின்ற ஊழியர் விளக்கினார். "சாருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு மேடம். மலைக் குளிரு. பேச்சு வரல. எழுதித்தான் காட்டுறாரு."

காலையிலிருந்து மூடாத வாய் அது. அதை மூடச் சொல்லிக் கொடுத்தது மகாதான். கிழவியின் காது ஒன்றுதான் சாட்சி; அந்தக் காதுக்கு இனி எதுவும் கேட்கப்போவதில்லை.

டாக்டர் ரேணுகா மற்ற டாக்டர்களைப் பார்த்தார். அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

சத்தியநேசன் மகாவின் காதருகே குனிந்தார். "அவன் பேசமாட்டான்னா பேச வைக்கணும். இது உன் சோலி."

"என்ன சோலிண்ணே?"

"வாய்."

மகா முன்னால் வந்தாள். காலையிலிருந்து செத்துக் கிடந்த குரலைத் தட்டி எழுப்பினாள்.

"டாக்டரம்மா, நாங்க தெரியாமச் சொல்லிட்டோம். மேனேஜர் சாரா இருக்க முடியாது. அளவெடுக்கிறது அவருக்கு வராது."

மாரீஸ்வரன் அவளைப் பார்த்தார்.

"பாவம், பரீட்சைக்கு ரெண்டு தடவ போனாரு. ரெண்டு தடவையும் போன வண்டியிலயே திருப்பி அனுப்பிட்டாங்க. குட்டை ரூமுல அட்டைய எதுக்குத் திருப்பி மாட்டுறாங்கன்னு இன்னைக்குக் காலையில எங்க அண்ணன் கேட்டாரு. அச்சகத்துல தப்பா அடிச்சிட்டான்னாரு. கண்ணாடிக் கடக்காரருக்குத் தெரிஞ்சது, அவருக்குத் தெரியல."

சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாரீஸ்வரனின் காது மடல் சிவந்தது. வாய் மட்டும் இறுகிக் கிடந்தது.

போதவில்லை. இன்னும் ஒரே ஒரு கல்தான் மகாவின் கையில் இருந்தது.

"எங்க அருணா பிளஸ் டூ முடிச்சிட்டுப் போன பொண்ணு. மொத தடவையிலேயே தேறிட்டா. மிட்டாய் நீட்டுனா, சாரு வாங்கல. எப்படி வாங்குவாரு? இவ வந்து கத்துக் குடுத்தாத்தானே அவருக்கு மிஷின்ல பட்டன் எங்க இருக்குன்னே தெரியும். அவரு போயி முகாம்ல அளவெடுத்தாருன்னு சொன்னா நம்புற மாதிரியா இருக்கு? ஒக்காந்த ஆளு கண்ணு எங்க, காது எங்கன்னே அவருக்கு—"

"ஏய்." நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "எனக்கா வராது? இவ பொறக்குறதுக்கு முன்னாலருந்து நான் இந்த மிஷினப் பாக்குறேன். அந்தக் கெழவி ஆடாம ஒக்காந்திருந்தா அளவு அச்சாத்தான் வந்திருக்கும்."

டாக்டர்கள் மூன்று பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

மாரீஸ்வரன் வாயை மூடினார். மூடி என்ன. பாண்டியம்மாள் முகத்தைத் திருப்பி, குரல் வந்த திசையில் ஓர் அடி வைத்தாள்.

"இவன்தான் தாயி," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "வஞ்சத மாத்திக்கூடச் சொல்லல."

டாக்டர் ரேணுகா மறுபடி உட்கார்ந்தார். மாரீஸ்வரனை வெளியே போக விடாமல் சத்தியநேசன் கதவில் சாய்ந்து நின்றார். அரைமணிக்குள் எல்லாம் வெளியே வந்தது. முகாம் தள்ளிப்போனால் தன் பெயர் கெட்டுவிடும் என்று அருணாவின் பெயரைப் போட்டுக்கொண்டு அவரே உட்கார்ந்திருக்கிறார். தப்பு தெரிந்ததும், அவள் தலையில் அது தானாகவே இறங்கிக்கொண்டது. அவர் செய்ததெல்லாம், அவளை விசாரணைக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டதுதான். துப்பறிய ஆள் வைத்ததுகூட, அக்கா வழியாக அவள் போக்கைத் தெரிந்துகொள்ளத்தான்.

"அப்ப என் சான்று, மேடம்?" என்றாள் அருணா.

டாக்டர் ரேணுகா அறை மூலையில் இருந்த அளவெடுக்கும் மிஷினைக் காட்டினார். "நீ அளவெடுக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. உனக்கு அளவெடுக்க வருமான்னு நான் இன்னும் பாக்கல. கெட்டுப்போன இடது கண்ணுக்கு என்ன வழின்னு நாங்க பாத்துக்குறோம். இந்த அம்மாவோட வலது கண்ணுக்கு நீ இப்ப அளவெடு."

அருணா மிஷின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து அவள் சாப்பிட்டிருக்கமாட்டாள். இங்கே ஒரு புள்ளி பிசகினால் எல்லாம் போச்சு. கிழவியும் நாற்காலியைத் தொட்டுவிட்டு உட்காராமல் நின்றாள். அந்த மாதிரி மிஷின்தான் அவளிடமிருந்து ஏற்கெனவே ஒரு கண்ணை எடுத்துக்கொண்டது.

"பயமா இருந்தா வேணாம் ஆத்தா," என்றாள் அருணா. "நிறுத்திக்கலாம்."

"நிறுத்திட்டு எங்க போக," என்று பாண்டியம்மாள் உட்கார்ந்தாள்.

அருணா நாடி வைக்கும் தாங்கியின் உயரத்தைக் கிழவிக்கு ஏற்ப இறக்கினாள். நாடியைத் தொடவில்லை. "நீங்களே வைங்க. எங்க சுகமா இருக்கோ அங்க," என்றாள். கிழவி வைத்தாள். தலை அசைந்தது. அருணா காத்திருந்தாள். மறுபடி அசைந்தது. மறுபடி காத்திருந்தாள். மூன்று டாக்டர்களும் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்கள். மகா கண்ணை மூடிக்கொண்டாள்.

அருணா எழுந்ததும் டாக்டர் ரேணுகா அதே ஸ்டூலில் உட்கார்ந்து, தானே ஒரு முறை அளந்தார். இரண்டு அளவையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார்.

சத்தியநேசன் மகாவிடம் கைக்குட்டையை நீட்டினார். வாங்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

தாங்கியிலிருந்து நாடியை எடுக்காமல், பல்லைக் கடித்த குரலில் பாண்டியம்மாள் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சா தாயி?"

"அப்பவே முடிஞ்சிருச்சு ஆத்தா."

"முடிஞ்சா சொல்லப்படாதா. நான் ஆடிருவேனோன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."